பதினான்கு நாள் வெயில்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஒலிபெருக்கி ஆரம்பித்துவிட்டது. “மாவட்ட மக்கள் அனைவருக்கும் வெயில் விழா நல்வாழ்த்துகள்! பத்து மணிக்குப் பந்தல் திறக்கப்படும்!” அடுப்படியில் நின்ற செந்தில்வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசை மாவை இழுத்த இழுப்பில் நடுவில் ஓட்டை விழுந்தது. வெயிலுக்கு வாழ்த்தாம். சூரியன் என்ன இவர்கள் வாங்கிப்போட்ட மனையா?

ஒருவகையில் அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் தொடர்ந்து இருபத்திரண்டு நாள் நாற்பத்தெட்டு டிகிரி அடித்தது. பாளையங்கோட்டையில் மாடு, நாய், மனிதர் என்று கணக்கில்லாமல் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் பந்தல் போட்டார்கள். பதினெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிற மெல்லிய படலங்கள், ஊருக்கு மேலே பல ஆயிரம். ஜன்னல் பலகையைச் சாய்ப்பதுபோல அவற்றைச் சாய்த்தால் வெயில் உள்ளே வரும், நிமிர்த்தினால் வராது. பந்தல் வந்தபின் கோடையிலும் முப்பத்திரண்டு டிகிரிதான். நல்ல காரியம்தான், அதை வடிவு ஒருநாளும் மறுத்ததில்லை. அந்தப் பந்தல் வாரியத்தில் அவளே ஒரு பொறியாளர். உள்ளூர் நிலையத்தில் காலை ஷிப்ட்.

ஆனால் கடந்த மூன்று வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு நாள் படலங்களை முழுசாகத் திருப்பித் தூசி தட்டியாக வேண்டும். அந்த இரண்டு நாளும் ஊருக்குள் பழைய வெயில் அப்படியே இறங்கும். பராமரிப்பு வேலை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? அதற்கு ஒரு பெயர் வைத்து, மேடை போட்டு, யாராவது ஒரு பெரிய மனிதர் பொத்தானை அமுக்க, விழா ஆக்கிவிட்டார்கள். சித்திரையின் முதல் சனி ஞாயிறு. ஊரே வீட்டில் இருக்கும். ஊரே மொட்டை மாடியில் இருக்கும்.

“அம்மா, வத்தல் இன்னைக்கா, நாளைக்கா?” என்று கேட்டாள் நறுமுகை. ஏழாம் வகுப்பு. விழா தொடங்கிய இந்த மூன்று வருஷத்தில்தான் அவளுக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியும்.

“நாளைக்கு. இன்னைக்கு மத்தியானம் நீ மாடிக்குப் போகக் கூடாது.”

“எல்லாரும் போறாங்க.”

“எல்லாரும் போகட்டும்!”

கத்திவிட்டாள். பிள்ளை முகம் சுருங்கிப் போனது. கூடத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இசக்கிராஜ் நிமிர்ந்து பார்த்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். சத்தம் போடுவது அவன் தொழில், ஆனால் வீட்டில் சத்தம் போடுகிறவள் வடிவுதான். போன வருஷ சனிக்கிழமை அவனுக்கும் மறக்கவில்லை.

போன வருஷம் இதே நாள் பதினொன்றரை மணிக்கு அந்தோணி தண்ணீர் கேனோடு படியேறி வந்தான். முப்பத்து நாலு வயது. தினமும் நாற்பது வீட்டுக்குக் கேன் தூக்குகிற உடம்பு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கேனை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். “எக்கா, ஒரு மாதிரி வருது,” என்றான். வடிவு ஓடிப்போய் அவன் கழுத்தைத் தொட்டாள். கொதித்தது. அதைவிட அவளைப் பயமுறுத்தியது, அந்தக் கழுத்து காய்ந்து கிடந்ததுதான். அத்தனை வெயிலில் கேன் தூக்கி வந்தவன் மேல் ஒரு பொட்டு வேர்வை இல்லை. பக்கத்திலேயே இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் இருந்தது. அதை அவன் தலையில் கொட்டக் கொட்டவே அவன் போய்விட்டான்.

அன்று மட்டும் ஊரில் பதினோரு பேர். அதற்கு முந்தின விழாவில் ஆறு. வாரியத்தின் குறிப்பில் ஒருவருக்கு மாரடைப்பு, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவர் குடித்திருந்தார், ஒருவர் ஏற்கெனவே பலவீனமானவர். பதினோரு பேருக்கும் பதினோரு காரணம். வெயில் என்ற சொல் மட்டும் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

வடிவு பன்னிரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். முந்தின வருஷமும் எழுதியவள்தான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டல அதிகாரி குலசேகரன் அறைக்குப் போனாள்.

“என்னம்மா இது, நம்ம சனத்துக்கு வெயில் ஆகாதுன்னு எழுதியிருக்கே?” என்று சிரித்தார் அவர். “திருநெல்வேலிக்காரனுக்கு வெயில் ஆகலேன்னா வெளிய சொன்னா சிரிப்பான். பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து வெயில்ல கிடந்த உடம்பு.”

“பாட்டன் உடம்பு வேற, நம்ம உடம்பு வேற சார். வேர்க்கிறதுங்கிறது உடம்பு தினமும் பழகி வச்சுக்கிற பழக்கம். எட்டு வருஷமா நிழல்ல இருந்தாச்சு. உடம்பு அதை மறந்துட்டு. வருஷம் ஏற ஏற இன்னும் மறக்கும். அதான் ஆறு பேர் பதினோரு பேர் ஆனாங்க.”

“அப்போ விழா வேண்டாங்கிறியா?”

“திறங்க. ஆனா ஒரே நாள்ல திறக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தினம் ரெண்டு மணி நேரம், கொஞ்சம் கொஞ்சமா. பதினாலு நாள்ல உடம்பு பழகிரும். ஒருத்தர் சாக மாட்டாங்க.”

குலசேகரன் அறிக்கையை மூடி ஓரமாக வைத்தார். “முன்னாடியே வெயில் வந்துட்டா, விழா அன்னைக்கு வானத்தைப் பார்த்து யாரும்மா கைதட்டுவா?”

கைதட்டலுக்காக. வடிவு அன்றைக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பாள். மேஜை கனமாக இருந்தது.

அந்தோணி விஷயத்தில் அவளை அதிகமாகக் கோபப்படுத்தியது அதிகாரி மட்டும் அல்ல. இந்தக் குடியிருப்பும்தான். முதல் மாடி தங்கத்தாய் அக்கா, வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள், அன்றைக்கே சொன்னாள்: “அவன் காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான். எங்க காலத்துல இந்த வெயில்ல செருப்பில்லாம பள்ளிக்கூடம் போனோம்.” வாரியத்துக்குக்கூட அவ்வளவு நல்ல காரணம் கிடைத்திருக்காது. இந்த ஊர்க்காரர்களுக்கு வெயிலில் ஒரு பெருமை. அது போய் எட்டு வருஷம் ஆனபிறகும் அந்தப் பெருமையை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள்.

பத்து மணிக்கு வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருந்த வானம் ஓரத்திலிருந்து நீலமாகிக்கொண்டே வந்தது. தெருவெல்லாம் ஒரே கூச்சல். நிழல்கள் கறுப்பாகத் தரையில் விழுந்தன. மாடிகளில் தலையணையும் மெத்தையும் மிளகாயும் பரப்பினார்கள். பிள்ளைகள் தங்கள் நிழலைத் தாங்களே மிதித்து விளையாடினார்கள். யாரோ நுங்கு வண்டியை நிறுத்திப் பேரம் பேசினார்கள். வடிவும் பால்கனிக்குப் போனாள். புறங்கழுத்தில் வெயில் பட்டதும் ஒரு சுகம் உடம்பெல்லாம் இறங்கியது. சுகமாக இருக்கிறதே என்று அதற்கும் கோபப்பட்டாள்.

பதினொன்று. பதினொன்றரை. அவள் பால்கனியை விட்டு நகரவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூட ஆம்புலன்ஸோ என்று திடுக்கிட்டாள். மணிக்கொரு தடவை ஆம்புலன்ஸ் மையத்தில் வேலை பார்க்கும் தோழிக்குப் போன் போட்டாள். “ஒண்ணும் இல்லட்டி. ரெண்டு பேருக்கு மயக்கம், மோர் குடிச்சு எந்திரிச்சுட்டாவ,” என்றாள் தோழி. இரண்டு மணிக்கும் அதுவே பதில். நாலு மணிக்கும் அதுவே. அதன்பிறகுதான் வடிவு சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள்.

இசக்கிராஜ் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“ரெண்டு வாரமா எனக்கு ஒரு சந்தேகம்,” என்றான். “சொல்லவா?”

“சொல்லுங்க.”

“பத்து மணி பீரியடுல பிள்ளைக சட்டை நனைஞ்சு வருது. முதல்ல ஒண்ணு ரெண்டு பிள்ளைக்கு. போன வாரம் மொத்த வகுப்புக்கும். எட்டு வருஷமா என் வகுப்புல யாருக்கும் இப்படி வேர்த்ததில்ல வடிவு. மாடியில துணி பன்னிரண்டு மணிக்கே காஞ்சு கிடக்கு. தொட்டித் தண்ணி சுடுதுன்னு தங்கத்தாய் அக்கா பிளம்பரைக் கூப்பிட்டாவ.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நீ என்ன செஞ்சே?”

அவள் மறைக்கவில்லை. மறைத்து மறைத்துத் தொண்டையில் நின்றதுதானே அது. “பராமரிப்புச் சோதனைன்னு தினம் கால் மணி நேரம் படலத்தைச் சாய்ச்சுப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. நான் ரெண்டு மணி நேரம் சாய்ச்சேன். பத்துல இருந்து பன்னிரண்டு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலா, ஆனா வானம் நீலமாகாத அளவுக்கு. பதினாலு நாள்.”

“பந்தலைத் தொட்டா மூணு வருஷம் உள்ள போடுவான்.”

“தெரியும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா உங்களையும் சேர்த்துப் போடுவான்.”

அவன் எழுந்து இரண்டு நடை நடந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், மைதானம் சுற்றுகிறவன் மாதிரி. “நாலு லட்சம் பேர் இந்த ஊர்ல. ஒருத்தர்கிட்டயும் கேக்காம அவங்க தலையில வெயிலை விட்டிருக்கே. யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா? நம்ம நறுமுகையும் அதுல நின்னவதானே?”

“நின்னா. தினம் அவ திரும்பி வர வரைக்கும் எனக்கு உயிர் இல்ல,” என்றாள் வடிவு. “கேக்கலேன்னு சொல்லாதீங்க. ரெண்டு வருஷமா கேட்டேன். யார்கிட்ட கேக்கணுமோ அவங்ககிட்ட எழுதிக் கேட்டேன். கைதட்டல் போயிரும்னு சொன்னாங்க. இனி நான் யார் வீட்டுக் கதவைத் தட்டிக் கேக்க?”

அவன் திரும்ப வந்து உட்கார்ந்தான். அவள் தட்டில் தயிரை ஊற்றினான். அதுதான் அவனுக்குத் தெரிந்த சமாதானம்.

அன்று சாயங்காலமே வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. விழா மிகச் சிறப்பாக, ஓர் உயிரிழப்பும் இன்றி நடப்பதால், செந்தில்வடிவு அளித்த இரண்டு அறிக்கைகளும் ஆதாரமற்றவை என்று தெளிவாகிறது. அவற்றைத் தாமே திரும்பப் பெறுவதாகக் கையெழுத்திட்டு ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு முதல் பந்தல் உள்ள தென் மாவட்டங்கள் முழுவதிலும் நான்கு நாள் விழா.

வடிவு மூன்று முறை படித்தாள். யாரும் சாகாததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு அவளைப் பொய்யாக்குகிறார்கள். கையெழுத்துப் போட்டால் அவள் தப்பித்தாள், அடுத்த சித்திரையில் எத்தனை ஊரில் எத்தனை அந்தோணி விழுவானோ. போடாவிட்டால் இன்று ஏன் யாரும் சாகவில்லை என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் சிறை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மாடிக்குத்தான் போனாள். என்ன ஆனாலும் வத்தல் போட்டாக வேண்டும், கூழ் காய்ச்சியாகிவிட்டது. எட்டு மணிக்கே மாடி நிறைந்திருந்தது. மூன்று மாடிப் பெண்களும் ஆண்களுமாக, இசக்கிராஜும் நறுமுகையும் சேர்த்து, இருபது பேர். தங்கத்தாய் அக்கா பழைய வேஷ்டிகளை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு அச்சை எடுத்துப் பிழிந்தார்கள். காற்றில் சீரகமும் பச்சைமிளகாயும் மணந்தன.

“பாத்தியாட்டி வடிவு?” என்றாள் தங்கத்தாய் அக்கா. “போன வருஷம் என்னமோ வெயில் ஆளைக் கொல்லுதுன்னு குதிச்சியே. நேத்து யாருக்கு என்ன ஆச்சு? நம்ம உடம்பு அந்தக் காலத்து உடம்பு.”

வடிவு அச்சைத் திருகினாள். கூழ் கோணல் மாணலாக விழுந்தது. இவளிடம் இப்போது என்ன சொல்வது? உன் உடம்பு அந்தக் காலத்து உடம்பு இல்லை அக்கா, போன பதினாலு நாளில் நான் பழக்கிய உடம்பு என்றா? முழங்கை வரை கூழ் ஒட்டியிருந்தது, இல்லையென்றால் கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பாள்.

அப்போதுதான் அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா படியேறி வந்தாள், தோளில் கேனோடு. அந்தோணி போன மறுமாதமே அவன் வண்டியை அவள் எடுத்துக்கொண்டாள். விழாவாவது ஒன்றாவது, ஞாயிற்றுக்கிழமையும் கேன் போட வேண்டும். அவள் முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. வடிவு அந்த வேர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு லேசாக இருந்தது.

கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த போன் அடித்தது.

“அம்மா, குலசேகரன் சார்னு வருது,” என்றாள் நறுமுகை.

“கை பூரா கூழு. நீ எடுத்து ஸ்பீக்கர்ல போடு.”

நறுமுகை அமுக்கினாள். குலசேகரன் குரல் உற்சாகமாக மாடி முழுக்கப் பரவியது. “என்னம்மா வடிவு, வெயில் ஜோரா இருக்கா? நேத்துக் கணக்கு பார்த்தியா? பூஜ்யம்! மேலிடத்துல ஒரே சந்தோஷம். அந்தக் கடிதத்தை இன்னும் அனுப்பலையே? பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க.”

அச்சுகள் நின்றன. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வடிவு ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா கேனை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனி எதற்குப் பன்னிரண்டு மணி வரை காத்திருக்க வேண்டும்?

“கையெழுத்துப் போட மாட்டேன் சார். நேத்து யாரும் சாகாததுக்கு என்ன காரணம்னு எனக்குத் தெரியும். பதினாலு நாளா தினம் ரெண்டு மணி நேரம் நான்தான் பந்தலைத் திறந்து விட்டேன். சோதனைன்னு பொய் எழுதிட்டுத் திறந்தேன். அதனாலதான் இந்த ஊர் பிழைச்சுது. அதைத்தான் எழுதி அனுப்பப் போறேன். பத்திரிகைக்காரங்களுக்கும் சேர்த்து.”

தங்கத்தாய் அக்காவின் கையிலிருந்து அச்சு நழுவி வேஷ்டியில் விழுந்தது. யாரோ “என்னது?” என்றார்கள். இசக்கிராஜ் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

போனில் குலசேகரன் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

“தெரியும்மா,” என்றார். “நீ என்னமோ ரகசியம் சொல்ற மாதிரி சொல்றியே. ஒவ்வொரு சோதனைக் குறிப்பும் எனக்குத்தான் வரும். மூணாம் நாளே பார்த்துட்டேன்.”

வடிவு போன் பக்கம் திரும்பினாள். “பார்த்துட்டு ஏன் சார் தடுக்கல?”

“எதுக்குத் தடுக்கணும்? ஏதாவது ஆகியிருந்தா நீ திறந்தது, உன் தலை. ஒண்ணும் ஆகலேன்னா விழா ஜெயிச்சுது. போன வருஷம் அந்தப் பதினோரு பேரும் நாம ஒரே நாள்ல திறந்ததாலதான் போனாங்கன்னு எனக்குத் தெரியாதா? உன் அறிக்கையை ஒரு வரி விடாம படிச்சவன்மா நான். நீ எழுதினது அத்தனையும் சரி. அதான் அது ஃபைல்ல இருக்கக் கூடாது. கையெழுத்தைப் போட்டு அனுப்பிட்டுப் போவியா, உன்னையும் யாரும் கேக்க மாட்டாங்க, என்னையும் யாரும் கேக்க மாட்டாங்க.”

“அடுத்த வருஷம், சார்? மத்த ஊர்ல பதினாலு நாள் யார் திறப்பா?”

“அதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அவங்க சனமும் வெயில்ல கிடந்த சனம்தானே.”

வடிவு வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்த வசவு அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஆனால் யாரோ அவளைத் தோளால் மெல்ல விலக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். விரித்திருந்த வத்தல் மேல் கால் படாமல் வேஷ்டி ஓரமாகவே சுற்றிப் போய், கைப்பிடிச் சுவரோரம் நின்று, போனுக்கு நேராகக் குனிந்தாள் ஸ்டெல்லா.

“சார், நான் கேன் போடுற அந்தோணி பொண்டாட்டி. மாடியில இருபது பேர் நிக்கோம். போன வருஷத்தைப் பத்தி இப்ப ஒண்ணு சொன்னீங்கல்லா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குச் சரியா கேக்கல.”